ஏனாதிநாதர் காட்டிய வெற்றி



சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்துள் வாட்போர் ஒன்று வருகின்றது. எயினனூரில் வாட்பயிற்சி அளித்து வந்தவர் ஏனாதிநாதர். அதே தொழிலுடைய அதிசூரன், தன் வருவாய் குன்றவே பொறாமை கொண்டான். படையொடு வந்து தோற்றான். பின்னர், தனியிடத்தில் இருவர் மட்டும் பொருவோம் என அழைத்தான். என்றும் நீறணியாத அவன், அன்று நெற்றியில் நீறு பூசிக் கேடயத்தால் மறைத்து வந்தான். வீழுந் தறுவாயில் கேடயத்தை விலக்கினான். நீற்றைக் கண்டதும் நாயனார் போர் ஒழிந்தார். ஆயினும் வாளைக் கீழே இடவில்லை. ஏன்? படைக்கலம் அற்றவரைக் கொன்ற பழி அதிசூரனைச் சேரலாகாது எனக் கருதினார். எதிர்ப்பார் போல நின்றே உயிர் நீத்தார்.

நீற்றைப் பணிந்தது பத்தி. பகைவனைப் பழியினின்று காத்தது அருள்.

தீப்பெட்டியும் பட்டாசும் செய்யும் நம் வட்டாரத்திலும் தொழிற்போட்டி உண்டு. அடுத்த தொழிற்சாலையை வெல்ல விலையைக் குறைக்கலாம். வேலையாளரின் பாதுகாப்பைக் குறைத்தல் ஆகாது. நாம் குறைத்தால், போட்டியில் நிற்பவரும் அப்பழிக்குள் இழுக்கப்படுவர். புரட்டாசி உத்திராடத்தில் நாயனார் குருபூசை செய்கின்ற நாம், எதிர்நிற்பவரையும் பழியினின்று காக்கும் அவ்வுள்ளத்தை வேண்டிப் பெறுவோமாக.

திருச்சிற்றம்பலம்.