செவிலியர் திறனும் அதனை அளக்கும் கோலும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



நம் பிள்ளைகளில் செவிலியர் படிப்பை நாடுவோர் பெருகி வருகின்றனர். அவர்களை முன்னிட்டே இப்பொருளைத் தேர்ந்தோம். நாம் மருத்துவம் பயின்றோம் அல்லோம். எனினும், பிறர் திறனுக்கு மதிப்பெண் இடுவதே நம் தொழிலாதலின், அதுபற்றிப் பேசச் சிறிது உரிமை உண்டு.

ஆபரேஷன் தியேட்டர் பொதுமக்கள் கண்படாத இடம். அங்கே கைகழுவி, கிருமி நீக்கிய அங்கியும் கையுறையும் அணிந்து நிற்கும் செவிலியர், டாக்டர் கேட்குமுன்னரே உரிய கருவியை எடுத்து நீட்டுவார். பஞ்சும் துணியும் ஊசியும் எத்தனை உள்ளே சென்றன, எத்தனை வெளியே வந்தன என்று எண்ணுவதும் செவிலியர் பொறுப்பே. மயக்க மருந்து டாக்டருக்குத் துணை நிற்பவர் இன்னொருவர். நோயாளி உணவருந்தி எத்தனை மணி நேரமாயிற்று, ஆக்சிஜன் உள்ளதா, சளி உறிஞ்சும் கருவி இயங்குகிறதா, மருந்தேற்றிய ஊசிக்குழலில் மருந்தின் பெயர் ஒட்டப்பட்டுள்ளதா என்றெல்லாம் அவர் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் தனிப்பயிற்சி பெற்ற செவிலியரே மயக்க மருந்து கொடுப்பதும் உண்டு; நம் நாட்டில் அது டாக்டரின் பணி.

மயங்கிக் கிடப்பவர் எழுந்து முறையிட முடியாது. ஆகவே இவர்கள் திறனை முன்னரே அளந்தாக வேண்டும். எவ்வாறு அளப்பது? நம் பண்ருட்டியில் பலாவைத் தட்டிப் பார்த்து விலை சொல்லும் வியாபாரியின் காதை நாம் நம்பித்தான் ஆக வேண்டும். முந்திரிப் பருப்போ ராத்தலுக்கு 240, 320 என்று எண்ணிக்கையால் தரம் பிரிக்கப்படுகிறது. ஐயமுற்றவர் எண்ணிப் பார்க்கலாம்.

நம்மிடம் படித்த பெண் ஒருத்தியைப் பற்றி, அவள் பணியாற்றிய மருத்துவமனையில், 'தியேட்டர் வேலைக்குத் தகுதி போதாது' என்று ஒற்றை வரி எழுதினர். எந்த வேலையில் குறை, கண்டவர் யார், எத்தனை முறை கண்டார் என்று கேட்டாள். விடை வரவில்லை. இது காதால் தட்டிப் பார்க்கும் முறை.

பின்லாந்தில் மெரெடோயா அம்மையாரும் உடனிருந்தோரும் 2004-இல் வெளியிட்ட அளவுகோலில் ஏழு பிரிவுகளில் 73 இனங்கள் உள்ளன. ஒவ்வொன்றிற்கும் செவிலியர் தமக்குத் தாமே நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பிடுவர். நல்ல முறையே. ஆனால் நம் பிள்ளைகளை நாம் அறிவோம். முதல் வரிசையில் அமரச் சொன்னாலும் மூன்றாம் வரிசைக்கு நழுவுகிறவர்கள்; தொண்ணூறு பெறத்தக்கவள் ஐம்பது என்றே எழுதுவாள்! ஆதலின் நேரில் கண்டு இடும் மதிப்பும் வேண்டும். ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் ஹார்டன் என்பார் 1975-இல் வெளியிட்ட தேர்வு முறையில், மாணவர் மேசைக்கு மேசை சென்று வெவ்வேறு செயலைச் செய்து காட்டுவர். தேர்வாளர் கையில் முன்னரே எழுதிய பட்டியல் இருக்கும். கையுறையின் வெளிப்புறத்தை வெறுங்கையால் தொட்டாளா, இல்லையா என்பது போன்றதே வினா. அவள் எந்தத் தெருவினள் என்பதற்கு அதில் இடமில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவைப் பாதுகாப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. புது தில்லி உட்பட எட்டு நகரங்களில் அதனைக் கையாண்டபோது, நூற்றுக்கு 1.5 ஆக இருந்த இறப்பு 0.8 ஆகக் குறைந்ததென 2009-இல் அறிவித்தனர். கத்தி வைக்குமுன் அங்குள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒரு விதி. தலைமை டாக்டருக்கும் விலக்கில்லை. தீட்டு என்று நம்மை விலக்கிய நாட்டில், அவ்வறையில் கைகழுவாதவர் எவராயினும் அவரே விலகி நிற்க வேண்டியவர்.

இளைஞர்களே, இந்திய நர்சிங் கவுன்சில் தியேட்டர் பணிக்கென்றே தனிப் பட்டயப் படிப்பு வகுத்துள்ளது, அதனை நாடுங்கள். பணியில் சேரும் நாளிலேயே, எம்மை எந்தப் பட்டியல் கொண்டு அளப்பீர் என்று பணிவுடன் கேளுங்கள். தேதி, அறுவையின் வகை, தாம் செய்த வேலை, கண்டவர் கையொப்பம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். நோயாளியின் பெயரை மட்டும் எழுதலாகாது. இதற்கெனச் சில குறிப்பேடுகளைச் சங்கத்திடம் கேட்டோம், செயலாளர் இசைந்துள்ளார். செவிலியம் பயிலும் மாணவியர் விழா முடிந்ததும் மேடையருகே பெற்றுக்கொள்ளலாம்.