பூச்சும் வேடமும்

(நூற்றாண்டு விழாக் கருத்தமர்வில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஹொலிவூட் படங்களில் கறுப்பினப் பெண்கள் என்ற தலைப்பில் வைத்தியருக்கு என்ன வேலை என்று சிலர் யோசிக்கக்கூடும். வேலை இருக்கிறது, பிறகு அதற்கு வருவோம்.

ஒஸ்கார் விருது பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஹற்றி மக்டானியல். 1940இல், பணிப்பெண் வேடம் ஒன்றுக்காகக் கிடைத்தது. விழா மண்டபத்தில் சக நடிகர்களோடு அவரை இருத்தவில்லை. ஓரமாகத் தனி மேசை போட்டார்கள். சிறந்த கதாநாயகிக்கான விருது கறுப்பினப் பெண் ஒருவருக்கு, ஹாலி பெரிக்கு, கிடைத்தது 2002இல். இடையில் 62 வருடங்கள்.

லீனா ஹோர்னின் கதையை நாம் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். பேரழகி, அருமையான பாடகி. 1942இல் எம்.ஜி.எம். நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. ஆனால் அநேக படங்களில் வந்து ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போய்விடுவார். கதையோடு ஒட்டுறவு இராது. தென் மாநிலங்களில் காட்டும்போது அந்தத் துண்டை மட்டும் வெட்டி எறிய வசதியாக அப்படி எடுத்தார்கள். அவரது நிறமும் கமராவுக்குக் கறுப்புப் போதாதாம்! அவருக்காகவே மக்ஸ் பக்டர் நிறுவனம் 'லைட் இஜிப்ஷியன்' என்றொரு பூச்சைத் தயாரித்தது. பிறகு நடந்ததைக் கேளுங்கள். அதே பூச்சை வெள்ளை நடிகைகளுக்குப் பூசி, கலப்பினப் பெண் வேடங்களை அவர்களுக்கே கொடுத்தார்கள். 1951இல் 'ஷோ போட்' படத்தின் ஜூலி வேடம் ஆவா கார்ட்னருக்குப் போனது. லீனா 1946இலேயே வேறொரு படத்தில் ஜூலியாக வந்து பாடியவர். ஆனால் ஜூலியின் கணவன் வெள்ளையன். கறுப்பரும் வெள்ளையரும் தம்பதியாகத் தோன்றுவதை அன்றைய தணிக்கை விதி அனுமதிக்கவில்லை.

பழங்கதை என்று விடமுடியாது. 2016இல் பாடகி நினா சிமோனாக நடித்த சோயி சல்டானாவுக்கு முகத்தைக் கறுப்பாக்கி, மூக்கும் ஒட்டினார்கள். அவரும் ஆபிரிக்க வழி வந்தவரே, ஆனால் வெளிர் நிறத்தவர். தன் கருமைக்காகவும் மூக்குக்காகவும் வாழ்நாளெல்லாம் பேச்சுக் கேட்டவர் நினா. 2020இல் சோயி மன்னிப்புக் கேட்டார்.

இனி எமது தொழிலுக்கு வருவோம். திரையில் நேரான முடியே அழகென்று காட்டப்பட்டதன் விலையை உடல் கொடுக்கிறது. 33,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களைத் தொடர்ந்து அவதானித்த ஆய்வொன்று 2022இல் வெளிவந்தது. முடி நேராக்கும் இரசாயனங்களை அடிக்கடி பாவித்தோரில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 4 சதவீதம், பாவிக்காதோரில் 1.6. இதுதான் காரணம் என்று இன்னும் நிரூபணமாகவில்லை, தொடர்பு தெரிகிறது. பாவித்தோரில் பெரும்பான்மையினர் கறுப்பினப் பெண்கள்.

எம்மிடம் வருபவர்களோ வெள்ளையாக்கும் கிறீமோடு வருகிறார்கள். லேபல் இல்லாத டப்பாக்களில் ஸ்டிரோயிட்டும் பாதரசமும் இருக்கலாம். தோல் மெலிந்து, முகம் சிவந்து, கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கையில் வந்து நிற்பார்கள்.

நூற்றாண்டு நாடகத்துக்குப் பிள்ளைகளைத் தெரிவுசெய்யும் குழுவினர் இங்கே இருக்கிறீர்கள். இராசகுமாரி வேடத்துக்குக் குரலையும் நடிப்பையும் பாருங்கள். ஒப்பனைக்கு வரும் தங்கைமாரே, உங்கள் பெட்டியில் எல்லா நிறப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் பவுடர் இருக்கட்டும். வாங்கும் செலவை எங்கள் வகுப்பு ஏற்றுக்கொள்ளும்.