எழுதிப் பழகுவோம்

(பெற்றோர், மாணவர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)

 

நமது திருச்செங்கோடு, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்குப் பெயர் பெற்ற ஊர். அந்த வண்டிகளோடு ஆந்திரம், கர்நாடகம், வடமாநிலங்கள் என்று போய் உழைத்துவிட்டு வருகிறவர்கள் இங்கே பலர். இரண்டொரு வருடத்தில் தெலுங்கும் இந்தியும் சரளமாகப் பேசக் கற்றுக்கொள்கிறார்கள். எந்தப் பள்ளிக்கூடமும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. காதும் வாயுமே ஆசிரியர்களாயின. இது பாராட்டத்தக்கதே. ஆனால் அதே மனிதரிடம் ஒரு கணக்குச் சீட்டை நீட்டினால் என்ன ஆகிறது? பிறர் எழுதியதை நம்பிக் கையொப்பம் இடுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. பேச்சில் துணை நின்ற மொழி, தாளுக்கு முன்னே அவரைத் தனியே விட்டுவிடுகிறது.

இன்னொரு பக்கம் பாருங்கள். செவிலியர் படிப்பை முடித்த நம் பெண் பிள்ளைகள் ஜெர்மனிக்குப் போக ஆசைப்பட்டு அந்நாட்டு மொழியைப் படிக்கிறார்கள். கேதே நிறுவனத்தின் மொழித் தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள் உண்டு. "பேசிறலாங்க ஃபாதர், எழுதறதுதான் பயமா இருக்குதுங்க" என்கிறார்கள். இந்தப் பயத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

எழுத்து ஏன் கடினமாக இருக்கிறது? பேசும்போது நம் முகமும் கையும் பாதிப் பேச்சைப் பேசிவிடுகின்றன. மீதியைக் கேட்பவர் ஊகித்துக்கொள்கிறார். தாளுக்கு ஊகிக்கத் தெரியாது. "அவன் தினமும் போகிறான்" என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது, "கோஸ்" என்பதற்குப் பதில் "கோ" என்றாலும் காரியம் நடந்துவிடும். எழுதும்போதோ, அந்தச் சிறு விகுதி வேண்டுமா, வேண்டாமா என்று நாமே முடிவு செய்தாக வேண்டும். ஜெர்மன் மொழியில் பெயர்ச்சொல்லுக்கு முன்னே டெர், டீ, டாஸ் என்னும் மூன்றில் எது வரும் என்பதைப் பேச்சில் விழுங்கிவிடலாம். எழுத்தில் விழுங்க முடியாது. ஆகவே, நமக்கு எது தெரியாது என்பதை நமக்கே காட்டும் கண்ணாடி எழுத்து. கடினமாயிருப்பதும் அதனால்தான், பயன் தருவதும் அதனால்தான்.

இதற்குச் சான்று தேடி நாம் தூரம் போக வேண்டியதில்லை. அந்நிய நாட்டிலிருந்து வந்து நம் தமிழைக் கற்றவர்களின் வரலாற்றைப் பார்த்தாலே போதும்.

போர்த்துக்கல் நாட்டவரான அண்டிரிக் அடிகளார் 1546-ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து, முத்துக்குளித்துறை மக்களிடையே உழைத்தார். அவர் தமிழ் கற்க முனைந்தபோது ஐரோப்பியர் பார்த்துப் படிக்கத்தக்க இலக்கண நூல் இல்லை. ஆகவே, வினைச்சொற்களின் காலம், இடம், எண் இவற்றை இலத்தீன் இலக்கண முறையைத் தழுவி வரிசைப்படுத்தி எழுதினார். அது போர்த்துக்கீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணமாகவே உருவாயிற்று. அவர் மொழிபெயர்த்த "தம்பிரான் வணக்கம்" 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. பதினாறே பக்கங்கள், ஆனால் அதற்குப் பின்னே முப்பது ஆண்டு உழைப்பு இருக்கிறது.

1623-ஆம் ஆண்டு நம் மாவட்டத்துச் சேந்தமங்கலத்துக்கும், பின் சேலத்துக்கும் வந்த தத்துவ போதகர், அதாவது இராபர்ட் தெ நொபிலி, ஓர் இத்தாலியர். மதுரையில் தமிழ், தெலுங்கு, வடமொழி மூன்றையும் கற்று, தமிழ் உரைநடையிலே பெரிய நூல்களை எழுதினார்.

நம் பிரிந்த சகோதரரான லுத்தரன் சபையைச் சேர்ந்த சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதினார். படித்த ஒரு குருவானவர் குழந்தைகளின் நடுவே மணலில் எழுத வெட்கப்படவில்லை. 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார்.

வீரமாமுனிவரைச் சொல்லாமல் இருக்க முடியுமா? முற்காலத்தில் குறில் எகர ஒகரங்களுக்குப் புள்ளி வைப்பதும், நெடிலைப் புள்ளியின்றி விடுவதும் மரபு. ஓலையில் புள்ளி வைத்தால் ஓலை பழுதாகும் என்று பலரும் அதை விட்டுவிடுவார்கள். ஆகவே "எரி"யா "ஏரி"யா என்பதை இடம் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். தாய்மொழிக்காரருக்கு அது பழகிப்போயிற்று. அந்நியராக வந்து ஒவ்வோர் எழுத்தையும் எழுதிக் கற்றவரின் கண்ணிலேதான் அந்தக் குறை பட்டது. நெடிலுக்குத் தனி அடையாளம் அமைத்தார். இன்று நாம் "ஏசு" என்றும் "ஓலை" என்றும் ஐயமின்றி எழுதுவது அவர் செய்த உதவி.

இவர்கள் எல்லாரும் பேசவும் செய்தார்கள். மக்களிடம் பழகிக் கேட்கவும் செய்தார்கள். பேச்சின்றி எழுத்து மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. காதால் வந்ததைக் கையால் நிலைநிறுத்தினார்கள் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

"எங்கள் பிள்ளையும் நோட்டு நோட்டாக எழுதுகிறானே!" என்று பெற்றோர் கேட்கலாம். பெரும்பாலும் அது பார்த்து எழுதுவது. அதனால் கையெழுத்து அழகாகும், மொழி வராது. தன் மனதில் உள்ளதைத் தன் சொல்லால் எழுதுவதே பயிற்சி. கைப்பேசியிலே பாதிச் சொல்லைத் தட்டினால் மீதியை அதுவே போட்டுவிடுகிறது. பிழையையும் அதுவே திருத்திவிடுகிறது. அப்போது கற்றுக்கொள்வது யார்?

ஆகவே மாணவர்களே, எளிய வழி ஒன்று சொல்கிறேன். தினமும் இரவில், அன்று நடந்ததைப் பற்றி ஐந்து வாக்கியம் சொந்தமாக எழுதுங்கள். தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்தம் பெறுங்கள். திருத்தியதைப் பார்த்துவிட்டு மூடி வைக்காமல், முழு வாக்கியத்தையும் மறுபடி எழுதுங்கள். எழுதியதை உரக்க வாசியுங்கள். குருமடத்தில் எங்களுக்கு ஆங்கிலம் வந்ததும் இந்த வழியில்தான். சிவப்பு மைதான் எங்களுக்குப் பெரிய ஆசான். பெற்றோர்களே, சிவப்புக் கோடுகளைக் கண்டு பிள்ளையைத் திட்டாதீர்கள். திட்டு வாங்கும் பிள்ளை, தனக்குத் தெரிந்ததை மட்டுமே எழுதும். அங்கேயே வளர்ச்சி நின்றுவிடும். தாய்மொழியிலும் ஒரு கடிதமாவது எழுதப் பழக்குங்கள். தமிழில் நாலு வரி கோவையாக எழுதத் தெரிந்த பிள்ளைக்குப் பிறமொழியிலும் கோவை வரும்.

நாளை நம் பெண் ஒருத்தி, தூர தேசத்து மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து, நோயாளிக்குக் கொடுத்த மருந்தையும் அதன் அளவையும் எழுதி வைத்துவிட்டுப் போவாள். காலையில் வருகிறவர் அந்த எழுத்தை நம்பியே அடுத்த மருந்தைக் கொடுப்பார். அங்கே அவளுடைய கையசைவும் புன்னகையும் உதவாது. ஓர் உயிர் அவள் எழுதிய வரியை நம்பியிருக்கும். அந்த வரிக்கான பயிற்சி இன்று இரவு எழுதும் ஐந்து வாக்கியத்தில் தொடங்கட்டும்.

உங்கள் கைகளின் உழைப்பை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக!