சித்திரை வெயிலில் தக்காளி நாற்று
(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



என்னை நாத்தைப் பத்திப் பேசச் சொன்னாங்க. மீன் கூடை தூக்கினவளுக்கு நாத்துல என்ன வேலைன்னு சிலபேர் சிரிக்கிறது தெரியுது. காரணம் உங்களுக்கும் தெரிஞ்சதுதான். கோடையில பழவேற்காடு முகத்துவாரம் மணல் ஏறித் தூர்ந்துபோனா ஏரித்தண்ணி கடலைவிட உப்பாயிடும், மீன் குறையும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்கும் தடை. காசிமேட்டுக்குப் போய் ஏலம் எடுக்கிறவங்களுக்கும் கூடை பாதிதான் ரொம்பும். குழுக்கடன் தவணை மட்டும் அந்த ரெண்டு மாசத்துக்கு லீவு விடாது. அதுக்காகத்தான் எங்க குழு நிழல்வலைக் கூடம் போட்டுத் தக்காளி நாத்து வளர்க்குது.

இப்போ ரெண்டாவது கூடம் போடக் கடன் தரலாம்னு கூட்டமைப்புல பேச்சு வந்திருக்கு. அதைப் பத்தி என் அபிப்பிராயத்தைக் கடைசியில சொல்றேன். முதல்ல வேலையைச் சொல்லிடறேன்.

டிவியில காட்டுற கண்ணாடி வீட்டைப் பார்த்து ஏமாறாதீங்க. ஹாலந்து மாதிரி குளிர் தேசத்துல சூட்டை உள்ளே பிடிச்சு வைக்க அதைக் கட்டுறாங்க. நமக்கு வேண்டியது சூட்டை வெளியே நிறுத்துற கூடம். மேலே பாலித்தீன் போட்டு மூடினா சித்திரையில உள்ளே அடுப்புதான். நம்ம ஊருக்கு மேலே பாதி வெயிலை மறைக்கிற நிழல்வலை, சுத்தி 40 கண் நைலான் பூச்சிவலை. பூச்சிவலை எதுக்குன்னா, வெள்ளை ஈ தான் தக்காளிக்கு இலைச்சுருட்டு நோயைக் கொண்டுவருது. நாத்துலயே அது பிடிச்சா தோட்டத்துல காய் பார்க்க முடியாது. கதவைத் திறந்து போட்டுட்டுப் பேசிக்கிட்டு நின்னா வலை கட்டின காசு தண்டம்.

எப்போ விதைக்கிறது? மாசியில விதைச்சா செடி பூக்கிற நேரம் உச்சி வெயில்ல மாட்டும். பகல் சூடு 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் புழுங்கினா மகரந்தம் செத்துப் பூ கொட்டிடும். வாங்கின விவசாயி நம்மளைத்தான் திட்டுவார். சித்திரை முதல் வாரம் விதைச்சா சுமார் 25 நாள்ல, வைகாசி பொறக்கும்போது நாத்து கைக்கு வரும். பூக்கிறதுக்குள்ள கத்திரி தாண்டிடும். நமக்கும் காசு வேண்டிய நேரத்துல வரும். ஆக, வெயில்ல கஷ்டப்படுற பங்கு நம்ம கூடத்துக்கு. அதுக்குத்தானே நமக்குக் காசு கொடுக்கிறாங்க.

98 குழித்தட்டுல தென்னைநார்க் கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதை. தட்டுகளை அடுக்கி பாலித்தீன் தாளால மூடி வெப்போம். நாலாம் நாள்லேர்ந்து காலையிலயும் சாயங்காலமும் திறந்து பார்க்கணும். முளை தலை காட்டின உடனே எடுத்துப் பரப்பிடணும். இந்தச் சூட்டுல ஒருநாள் தாமதிச்சாலும் வெளுத்து, நூல்மாதிரி நீண்டுடும்.

நிழல் அதிகமானாலும் அதே கதிதான். செடி வாடுதேன்னு பாவப்பட்டு வலைமேல சேலையைக் கட்டுறவங்க இருக்காங்க. வேண்டாம். வெளிச்சம் போதலைன்னா நாத்து உயரமாகும், தண்டு பலம் பிடிக்காது. இலை காய்ஞ்சிருக்கிற நேரத்துல உள்ளங்கையால மெதுவா, தினம் கொஞ்ச தரம் தடவி விட்டா குட்டையா, கெட்டியா வரும். காத்து அடிச்ச மாதிரி செடி நினைச்சுக்கும். ஆனா வெத்தலை பொகையிலை போடுறவங்க சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுத்தான் தொடணும். பொகையிலையில இருக்கிற நோய்க்கிருமி தக்காளிக்குத் தொத்தும். எங்க குழுவுல இதுக்கே ஒரு பெரிய சண்டை நடந்தது, அதை இங்க சொன்னா ஒரு பாட்டி என்னைச் சும்மா விடமாட்டாங்க.

தண்ணி பூவாளியால காலையில ஊத்தணும். மத்தியானம் ரொம்ப வாடினா இன்னொரு தரம் லேசா. வெயில்ல கிடந்த ஓஸ் பைப்புத் தண்ணி கொதிக்கும், அதைத் தரையில விட்டுட்டு அப்புறம் பிடிங்க. ராத்திரி ஈரத்தோட விட்டா அடித்தண்டு அழுகிப் படுத்துடும். கடைசி ஒரு வாரம் தண்ணியைக் குறைச்சு, காலை வெயிலையும் சாயங்கால வெயிலையும் நேரே காட்டிப் பழக்கணும். கொஞ்சம் நீண்டுபோன நாத்தை வாங்குறவங்ககிட்ட, ஆழமா நடச் சொல்லுங்க. தக்காளித் தண்டு மண்ணுக்குள்ள வேர் விடும்.

இனி உப்பு. இதுதான் நம்ம ஊர் விஷயம். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில கடல்நீர் ஏறுறது 1960-களின் கடைசியிலேயே கண்டுபிடிச்சு எழுதி வெச்ச சங்கதி. சென்னைக்குக் குடிநீருக்காக இங்கே ஆழ்குழாய் போட்டு இறைச்சாங்க, கடல் உள்ளே நகர்ந்தது. இன்னைக்குக் குப்பத்துப் போர்த் தண்ணியை ஊத்தினா தக்காளி நாத்தோட இலை ஓரம் கருகும், வேர் நின்னுபோகும். வளர்ந்த செடியாவது கொஞ்சம் தாங்கும், குழித்தட்டுல இருக்கிற கைப்பிள்ளை தாங்காது. வெயில்ல தண்ணி ஆவியாகப் போயி, உப்பு மட்டும் அந்தச் சின்னக் குழியிலயே தங்கிடும். நார்க்கழிவுலயும் உப்பு உண்டு. அதனால நல்ல தண்ணியில ரெண்டு மூணு தரம் அலசிப் பிழிஞ்சுதான் நிரப்பணும். குடிதண்ணிக்கு வெச்சுப் பார்க்கிற டிடிஎஸ் மீட்டர் போதும், பிழிஞ்ச தண்ணியிலயும் அதை வெச்சுப் பாருங்க. எங்க கணக்குல 500-க்குள்ள இருந்தா நிம்மதி, ஆயிரம் காட்டினா தட்டுக்கிட்டயே கொண்டு போகாதீங்க.

இப்போ கணக்கு. ரெண்டு அடிக்கு ஒண்ணரை அடி இடைவெளியில ஒரு ஏக்கருக்கு 14,520 நாத்து, அதாவது 149 தட்டு. சேதாரத்துக்குச் சேர்த்து 160 போடுவோம். 25 நாளும் இதுக்கு நல்ல தண்ணி வேணும். கேன் தண்ணி வாங்கி ஊத்தினா லாபம் கேன்காரருக்குத்தான்.

அதனால என் அபிப்பிராயம், ரெண்டாவது கூடம் இப்போ வேண்டாம். அந்தக் கடனை மழைநீர்த் தொட்டிக்குக் கொடுங்க. 50 சதுர மீட்டர் கூரையில 10 மில்லிமீட்டர் மழை பெய்தா 500 லிட்டர். ஐப்பசி, கார்த்திகையில நம்ம ஊர்ல அது ஒருநாள்ல அரைமணி நேரத்து மழை. நாலு பெரிய தொட்டி இருந்தா சித்திரை வரைக்கும் மூடி வெச்சுக்கலாம். தண்ணி இல்லாம வலை மட்டும் வாங்கினா, தவணை கட்டறதுக்கு ரெண்டு கூடமும் மறுபடி கடன்தான் வாங்கும்.

தீர்மானம் எழுதும்போது தொட்டியை முதல் வரியில போடுங்கன்னு கேட்டுக்கறேன். குழித்தட்டு நிரப்பக் கத்துக்க விரும்புறவங்க சித்திரை ஒண்ணுக்கு முன்னாடி எங்க கூடத்துக்கு வாங்க, மீட்டரையும் அப்பவே காட்டறேன்.