டயாலிசிஸ் செய்பவரின் இதயத்தைப் பார்த்தோமா?

(திருக்கழுக்குன்றத்தில் நடந்த நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், டயாலிசிஸ் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளும் கடைசியில் உள்ளன.)



போன மாதம் தலைவி அம்மா எனக்கு போன் செய்தார். "சிஸ்டர், குழுக்களில் வைத்தியத்துக்குன்னு உள்கடன் வாங்குறது ஏறிக்கிட்டே போகுது. டயாலிசிஸ் குடும்பங்களும் இருக்காங்க. அவங்களுக்கு உதவுற மாதிரி ஏதாவது பேசுங்க" என்றார். என்னைக் கூப்பிட்டால் சர்க்கரை, பிரஷர் என்று பேசிவிட்டுப் போவேன். இன்றைக்கு அதைவிட்டு வேறு ஒன்றைச் சொல்லப் போகிறேன். கிட்னி போனவருக்கு நாம் கிட்னியைப் பற்றியே கவலைப்படுகிறோம். ஆனால் டயாலிசிஸ் செய்பவர்களின் உயிர் அதிகம் போவது இதயக் கோளாறினால்தான். வருஷக்கணக்கில் வார்டில் இதைப் பார்த்த நானே, என் வீட்டில் நடந்தபோது கோட்டை விட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அண்ணன் சதுரங்கப்பட்டினம் பக்கம் இருக்கிறார். மீன் ஏலத்தில் கணக்கு எழுதியவர். பதினாலு வருஷமாகச் சர்க்கரை, சரியாகக் கவனிக்கவில்லை. இரண்டு கிட்னியும் பழுதாகி, செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். அண்ணி உங்களைப் போலக் குழு உறுப்பினர். ஒரு மாசி மகத்துக்கு வீடு நிறைய உறவுக்காரர்கள். "இந்த வெள்ளிக்கிழமை ஒண்ணுதானே, செவ்வாய் போய்க்கலாம்" என்று இருந்துவிட்டார்கள். வந்த சனத்தோடு உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு, தாகத்துக்குச் சொம்பு சொம்பாகத் தண்ணீர்.

ஞாயிறு ராத்திரி அண்ணி போன் செய்தார். "படுத்தா மூச்சு முட்டுதுங்கிறார், எழுந்து உட்கார்ந்தா கொஞ்சம் தேவலையாம். மூணு தலகாணி வச்சும் முடியல. திண்ணையில உட்கார்ந்து இருமிக்கிட்டே இருக்கார்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கடல் காத்து ஒத்துக்கல போல, வீசிங்கா இருக்கும். பக்கத்துல காட்டி நெபுலைசர் வைங்க." செவிலியர் சொன்ன சொல் இது! அண்ணனுக்கு இருந்தது சளி அல்ல, நுரையீரலில் கோத்துக்கொண்ட தண்ணீர். படுத்தால் முட்டுகிறது, உட்கார்ந்தால் குறைகிறது என்ற அந்த ஒரு வார்த்தை போதும், எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை தனியார் இடம் ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆக்சிஜன் வைத்து எக்கோ எடுத்தார்கள். பம்பிங் 30 என்று வந்தது. இதயம் ரொம்ப வீக், ஆஞ்சியோ பார்க்கணும், பணத்துக்கு ஏற்பாடு செய்யுங்க என்றார்கள். அண்ணி அன்றே நகையை அடகு வைத்தார், குழுவிலும் அவசரக் கடன் கேட்டார். நல்லவேளை, சாயந்திரமே டயாலிசிஸ் செய்யும் இடத்துக்கு மாற்றினோம். அங்கிருந்த டாக்டர் எக்கோ ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "இதை எடுத்தப்ப இவர் எடை என்ன?" யாருக்கும் தெரியாது. எடை போட்டால், இருக்கவேண்டியதைவிட ஆறு கிலோ கூடுதல்.

"ஆறு லிட்டர் தண்ணியை ஏத்தி வச்சுட்டு இதயத்தை அளந்தா இப்படித்தான் தெரியும். நெஞ்சுவலி இல்ல, இ.சி.ஜி.யிலயும் புதுசா எதுவும் இல்ல. முதல்ல தண்ணியை எடுப்போம், அப்புறம் அளப்போம்" என்றார். இரண்டு வாரத்தில் ஐந்து முறை டயாலிசிஸ் செய்து, கொஞ்சம் கொஞ்சமாக எடையை இறக்கினார்கள். பிறகு, டயாலிசிஸ் முடிந்த மறுநாள் எக்கோ எடுத்தால் பம்பிங் 48. அதுவும் குறைவுதான். இதயச் சுவரும் தடித்திருந்தது. ஆனாலும் அந்த 30 இல்லை. ஆஞ்சியோ அப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். நகையை மீட்க எட்டு மாதமும் அதற்கு வட்டியும் ஆனது.

இதைக் கேட்டுவிட்டு ஆஞ்சியோவே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நெஞ்சுவலி வந்தால் ஒரு நிமிஷம்கூட வீட்டில் இருக்கக்கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமலும் வரும். திடீர் வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம் மட்டும் இருக்கும். நான் சொல்வது, டயாலிசிஸ் செய்பவரின் எக்கோ என்பது எந்த நேரத்தில் எடுத்தோம் என்பதைப் பொறுத்தது என்பதைத்தான்.

எக்கோவில் என்ன பார்க்கிறார்கள்? நாம் பம்பிங் என்று சொல்வது, இதயத்தின் இடது கீழ் அறையில் நிறைகிற ரத்தத்தில் எவ்வளவை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. நூற்றுக்கு 55, 60 என்றால் நல்லது. அந்த நம்பரை மட்டும் கேட்டுவிட்டு ரிப்போர்ட்டைப் பைக்குள் வைத்துவிடுகிறோம். அது போதாது. கட்டுமரத்தில் துடுப்புப் போடுகிறவருக்குப் புஜம் திரண்டு நிற்கும், இல்லையா? அதுபோல அதிக பிரஷரையும் அதிகத் தண்ணீரையும் எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயச் சுவரும் தடிக்கும். புஜம் திரண்டால் பலம். இதயம் தடித்தால் விறைத்துப்போகும், விரிந்து ரத்தத்தை வாங்காது. பம்பிங் 60 என்றே இருக்கும், ஆனாலும் மூச்சு வாங்கும். கனடாவில் டயாலிசிஸ் தொடங்கிய 400-க்கும் மேற்பட்டவர்களை எக்கோ எடுத்துப் பார்த்து 1995-ல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 74 பேருக்கு இந்தச் சுவர்த் தடிப்பு இருந்தது. டயாலிசிஸ் ஆரம்பிக்கிற அன்றைக்கே நாலில் மூன்று பேரின் இதயம் பாதித்திருக்கிறது என்று அர்த்தம். அதனால் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: சுவர் தடித்திருக்கா? வால்வு எப்படி இருக்கு? இதயத்தைச் சுற்றித் தண்ணி இருக்கா? டயாலிசிஸ் போதாமல் போனவர்களுக்கு இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் நீர் சேரும், அதையும் எக்கோதான் காட்டும்.

எப்போது எடுப்பது? அமெரிக்க சிறுநீரக அமைப்பு 2005-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொல்லியிருக்கிறார்கள். டயாலிசிஸ் தொடங்கி, உலர் எடைக்கு வந்தபின், ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஒரு எக்கோ. பிறகு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. நடுவில் மூச்சு வாங்குவது, டயாலிசிஸின்போது பிரஷர் அடிக்கடி விழுவது போல ஏதாவது மாறினால் உடனே. உலர் எடை என்றால், உடம்பில் மிச்சத் தண்ணீர் இல்லாமல், காலில் வீக்கமில்லாமல், மூச்சு வாங்காமல் இருக்கும்போது உள்ள எடை. டயாலிசிஸ் நோட்டில் டிரை வெயிட் என்று எழுதியிருப்பார்கள். உங்கள் வீட்டுக்காரருடையது எவ்வளவு என்று இப்போது கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்? சிரிக்காதீங்க, எனக்கே என் அண்ணனுடையது தெரியாமல்தான் இருந்தது.

எக்கோ மூன்று வருஷத்துக்கு ஒருமுறை என்றால், நடுவில் இதயத்தை யார் பார்ப்பது? நாம்தான். அதற்கு ஒரு எடை மிஷின் போதும். காலையில் எழுந்து, கழிவறை போய்வந்து, சாப்பிடும் முன் எடை போட்டு காலண்டரில் எழுதுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் 60 கிலோ ஆளுக்கு இரண்டு, இரண்டரை கிலோவுக்கு மேல் ஏறக்கூடாது. எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார் என்பதையும் எழுதுங்கள். ஒன்று இரண்டானால் டாக்டரிடம் சொல்லுங்கள். எந்த ஆஸ்பத்திரியிலும் கிடைக்காத ரிப்போர்ட் அது.

"தண்ணி குடிக்காதேன்னா கேக்க மாட்டேங்கிறார்" என்று எல்லா அக்காவும் சொல்வீர்கள். தண்ணீரைத் தடுப்பதைவிட உப்பைத் தடுங்கள். உப்பு போனால் தாகம் தானாகக் குறையும். கேளம்பாக்கம் உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், கடலோரத்தில் கருவாடு இல்லாத வீடு இல்லை. அவருக்கு மட்டும் அது வேண்டாம். ஊறுகாய், அப்பளமும் அப்படியே. ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு டீஸ்பூன் உப்புக்குள்தான். தண்ணி என்றால் குடத்துத் தண்ணி மட்டுமில்லை. காபி, மோர், ரசம், கஞ்சி, நீராகாரம் எல்லாம் அந்தக் கணக்குதான். டாக்டர் சொன்ன அளவை காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துவிட்டு, வேறு எது குடித்தாலும் அந்த அளவுக்கு பாட்டிலிலிருந்து செடிக்கு ஊற்றிவிடுங்கள். என் அண்ணி கண்டுபிடித்த வழி இது.

இன்னொரு எச்சரிக்கை. உப்புக்குப் பதில் என்று கடையில் லோ சோடியம் உப்பு விற்கிறது. மற்றவர்களுக்கு நல்லதாக இருக்கலாம். கிட்னி போனவருக்கு ஆகாது, அதில் பொட்டாசியம் இருக்கிறது. பொட்டாசியம் ஏறினால் இதயம் தாளம் தப்பி நின்றே போகும். ஈ.சி.ஆர். ரோட்டில் வெயிலுக்கு இளநீர் குடிப்பதும் இவர்களுக்கு அதே ஆபத்துதான். இளநீர் உடம்புக்கு நல்லது என்று பாசமாக வாங்கிக் கொடுப்பவர்களைத்தான் பார்க்கிறேன்.

டயாலிசிஸைத் தவறவிடுவது பற்றி: அமெரிக்காவில் 32,000 பேரை வைத்து 2011-ல் வெளியான ஆய்வில், வாரம் மூன்று முறை செய்பவர்களுக்கே இரண்டு நாள் இடைவெளி விழுந்த மறுநாள்தான் சாவும் மாரடைப்பும் அதிகம் என்று தெரிந்தது. நம்மவர்கள் பலர் வாரம் இரண்டு முறைதான் செய்கிறார்கள். அதிலும் ஒன்றைக் கல்யாணத்துக்காக விட்டால்? விட்டதை ஈடுகட்ட, "சிஸ்டர், ஒரேயடியா அஞ்சு லிட்டர் எடுத்துடுங்க" என்பார்கள். அதுவும் ஆபத்து. வேகமாக எடுத்தால் பிரஷர் விழும், கால் இழுத்துப் பிடிக்கும், ஒவ்வொரு தடவையும் இதயத் தசை கொஞ்சம் அடிபடும்.

செலவு விஷயம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இல்லாத குடும்பம் இருந்தால் முதலில் அதை எடுங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டயாலிசிஸ் இருக்கிறது. எக்கோவையும் அங்கேயே கேளுங்கள். பஸ்ஸில் போய்வர முடியாதவர்கள், வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸ் ஒத்துவருமா என்று கேட்கலாம். அது தினமும் மெதுவாகத் தண்ணீரை எடுக்கும், இதயத்துக்கு அந்த ஏற்ற இறக்கம் இருக்காது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான பைகளை வீட்டுக்கே கொடுக்கிறார்கள். அந்தத் திட்டத்தில் வீடு வீடாகப் பிரஷர் பார்க்க வருபவர்கள் நம் குழுப் பெண்கள்தானே. அதில் ஒரு பழைய பெருமையும் உண்டு. டாக்டர் எம்.கே.மணி அவர்களின் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், சென்னைக்கு அருகிலுள்ள கிராமங்களில் சாதாரணப் பள்ளிப்படிப்பு படித்த பெண்களைப் பழக்கி, வீட்டு வாசலிலேயே சிறுநீரும் பிரஷரும் பார்க்க வைத்தது. கிட்னியும் இதயமும் கெடுவதற்கு முன்னாலேயே அவர்கள் கண்டுபிடித்தார்கள்.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

"எக்கோ எடுத்தா கிட்னி இன்னும் கெட்டுப்போகுமா?" 
இல்லைம்மா. கர்ப்பத்தில் எடுத்த ஸ்கேன் மாதிரிதான், ஒலி அலை. ஊசி கிடையாது, மருந்து ஏற்றுவது கிடையாது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் முடிந்தது.

"இதயம் வீக்குன்னு என் மகனுக்கு மாற்று சிறுநீரகம் வைக்க முடியாதுன்னுட்டாங்க. விட்டுடலாமா?" 
விடாதீங்க. அந்த எக்கோ எடுத்தபோது எடை எவ்வளவு என்று பாருங்கள். தண்ணீரை எடுத்து, ரத்தசோகையையும் சரிசெய்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். கிட்னி கெட்டதால் தளர்ந்த இதயம் சிலருக்கு மாற்று சிறுநீரகம் பொருத்திய பிறகு தேறிவிடுவதும் உண்டு. டாக்டர்தான் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் ஒரே ரிப்போர்ட்டோடு கதவை மூடாதீர்கள். 2008 செப்டம்பரில் நம் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தார்களே, அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் முன்வந்தன. பெயரைப் பதிவு செய்து வையுங்கள்.

"டயாலிசிஸுக்குப் போற அன்னைக்கே எக்கோவையும் எடுத்துடலாமா? இன்னொரு நாள் கூலி போகுதே சிஸ்டர்." 
மூச்சு முட்டுகிற அவசரம் என்றால் எந்த நாளும் எடுக்கலாம். வழக்கமான எக்கோ என்றால் டயாலிசிஸுக்கு முன்னால் வேண்டாம், மறுநாள்தான் சரி. முடியவே முடியாது என்றால், அன்றைய எடையையும் உலர் எடையையும் ரிப்போர்ட்டின் மேலேயே பேனாவால் எழுதச் சொல்லி வாங்குங்கள். ஃபிஸ்டுலா உள்ள கை எது என்பதையும் எக்கோ எடுப்பவரிடம் சொல்லுங்கள். அந்தக் கையில் ஓட்டம் ரொம்ப வேகமாக இருந்தால் அதுவே இதயத்துக்குச் சுமை. அந்தக் கையில் பிரஷர் பார்க்க விடாதீர்கள், குடமும் தூக்க வேண்டாம்.