விரல் நுனியும் வில்லையும்



கிதாரை விரலால் மீட்டுவதா, 'பிக்' எனப்படும் சிறு வில்லையால் மீட்டுவதா என்ற வினா நம் ஊர்ப் பிள்ளைகளிடையேயும் எழுந்துள்ளது. அயல்நாட்டுக் கருவியைப் பற்றி நமக்கு ஏன் இவ்வாராய்ச்சி என்று பெரியவர்கள் எண்ண வேண்டுவதில்லை. வயலினை நம் இசைக்குப் பழக்கிய பாலுசுவாமி தீட்சிதர், கோவில்பட்டிக்குக் கிழக்கேயுள்ள எட்டயபுரத்தின் அரண்மனை வித்துவான். அவர் தமையனாரும் வீணை வல்லுநருமான முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் மறைந்ததும் அவ்வூரிலேயே.

அவ்வீணையிலும் இவ்வினா உண்டு. சுட்டுவிரல், நடுவிரல் நகங்களால் மீட்டுவது ஒரு முறை. உலோகத் தந்தி நகத்தைத் தேய்த்துவிடுவதால், கம்பியை வளைத்துச் செய்த கூட்டினை விரலில் அணிவோரும் உளர். ஒலி கூர்மை பெறும். தந்தியைத் தொட்டறியும் உணர்வோ குறையும். சிலப்பதிகாரக் கானல்வரி யாழ் மீட்டும் தொழில்களை எட்டாக வகுக்கிறது. அவற்றுள் வார்தல் சுட்டுவிரலின் தொழில் என்றும், வடித்தல் சுட்டுவிரலும் பெருவிரலும் கூடிச் செய்வது என்றும் பழைய உரை விளக்குகிறது. விரல்தோறும் வேலை பகுத்த மரபு அது!

கிதாரிலும் அப்படியே. பெருவிரல் கீழ்ச்சுரத்தைப் பிடித்திருக்க, ஏனைய விரல்கள் பாட்டை நடத்தலாம். அகன்று நிற்கும் தந்திகளை ஒருங்கே ஒலிப்பிக்கலாம். வில்லைக்கு அது இயலாது. ஆனால் விரைவும் உரத்த ஒலியும் வேண்டுமிடத்து, மேளத்தோடு சேர்ந்து வாசிக்குமிடத்து, வில்லையே துணை.

நம் கரிசல் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனி இடர் உண்டு. பருத்தி எடுத்தும் களை பறித்தும் நகம் உடைந்த கையோடு வருகிறவனிடம், "நகமில்லாதவனுக்கு இது வராது" என்று சொல்லிவிடுகிறார்கள். இது தவறு. ஸ்பெயின் நாட்டுக் கிதார் மேதை தார்ரேகா (1852–1909) தம் இறுதி ஆண்டுகளில் நகத்தை வெட்டிவிட்டு, விரல் சதையாலேயே மீட்டினார். அவருக்குப்பின் புகழ்பெற்ற செகோவியா நகத்தையும் சதையையும் சேர்த்தே பயன்படுத்தினார். இருவரும் மேதைகளே.

ஆதலின் முதலில் வெறும் விரலால் பழகுங்கள். வில்லையைப் பின்னர் எப்போதும் கற்றுக்கொள்ளலாம். வில்லைக்கே பழகிய கை விரலுக்குத் திரும்புவதுதான் கடினம் என்பது என் கருத்து. நகமில்லாத விரலுக்கு நைலான் தந்தி இதமானது. எஃகுத் தந்தியாயின், அறுவடை நாட்களில் விரல் வெடித்திருக்கும்போது வில்லையை எடுப்பதில் இழுக்கில்லை. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: நைலானுக்கென்று செய்த கிதாரில் எஃகுத் தந்தியைப் பூட்டலாகாது. அதன் இழுவிசை மிகுதி. தந்தியைத் தாங்கும் கட்டையே பெயர்ந்து வந்துவிடும்.