ஒத்த வாதமும் ஒவ்வாத வாதமும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சட்டப் படிப்பில் சேர விரும்பும் பிள்ளைகளுக்கு வைக்கப்படும் நுழைவுத் தேர்வுகளில் ஒரு வகை வினா வருகிறது. அதைப் பற்றியே நாம் இன்று பேச எண்ணுகிறோம். மெட்ரிக்குலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு பார்சல் அலுவலகத்தில் பேரேடு எழுதிவரும் நமக்கு இப்பொருளில் என்ன உரிமை என்று சிலர் கேட்கலாம். காலனிப் பிள்ளைகள் நூலக அறையில் பழைய வினாத்தாள்களை எழுதும்போது கடிகாரமும் கையுமாகக் காவல் இருக்கும் வேலை நம்முடையது. மூன்றாண்டுகள் காவல் இருந்தவனுக்குத் திருடன் வரும் வழி தெரியாமற் போகுமா?

அமெரிக்க நாட்டில் சட்டக் கல்லூரிகளில் சேர எல்சாட் என்னும் தேர்வு 1948ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. அதில் சட்டத்தைப் பற்றி ஒரு வினாவும் இல்லை. படித்ததைப் புரிந்துகொள்ளும் திறனும் வாதங்களைச் சீர்தூக்கும் திறனுமே சோதிக்கப்படுகின்றன. 2024 ஆகஸ்டு முதல் புதிர் போன்ற ஒரு பகுதியை நீக்கிவிட்டு, வாதப் பகுதிகளை இரண்டாக்கிவிட்டார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் 35 நிமிடம். நம் நாட்டில் 2008இல் தொடங்கிய கிளாட் தேர்வுதான் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு வாயில். நம் திருச்சிராப்பள்ளியில் உள்ள பல்கலைக்கழகத்திற்கும் அதுவே வழி. இளநிலைத் தேர்வில் 120 வினா, 120 நிமிடம். ஒரு விடை தவறினால் கால் மதிப்பெண் போய்விடும். அதன் தர்க்கப் பகுதியிலும் ஒப்புமை காணும் வினாக்களுக்கு இடம் உண்டு.

நாம் குறிப்பிடும் வினாவுக்குப் பாரலல் ரீசனிங் என்று பெயர். இணைவாதம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். முதலில் ஒரு வாதம் கொடுக்கப்படும். அதன் கீழ், எல்சாட்டில் ஆனால் ஐந்து வாதங்கள் இருக்கும். முதல் வாதம் எந்த முறையில் நடக்கிறதோ அதே முறையில் நடக்கும் வாதம் எது என்று கண்டு சொல்லவேண்டும்.

நம் அலுவலகத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறோம். "பதிவேட்டில் ஏறிய பார்சல் ஒவ்வொன்றுக்கும் ரசீது எண் உண்டு. இந்தப் பார்சலுக்கு ரசீது எண் இல்லை. ஆகவே இது பதிவேட்டில் ஏறவில்லை." இதற்கு இணை எது? "பதிவேட்டில் ஏறிய பார்சல் ஒவ்வொன்றும் எடை போடப்பட்டது. இந்தப் பார்சல் எடை போடப்பட்டது. ஆகவே இது பதிவேட்டில் ஏறியது" என்று ஒரு விடை இருக்கும். "நன்றாகப் புளித்த மாவில் வார்த்த இட்லி எல்லாம் மென்மையாக இருக்கும். இந்த இட்லி கல்லைப் போல் இருக்கிறது. ஆகவே மாவு நன்றாகப் புளிக்கவில்லை" என்று மற்றொரு விடை இருக்கும்.

பத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் பார்சலையே தூக்கிக்கொண்டு போகிறார்கள்! பார்சலுக்குப் பார்சல்தானே ஒப்பு என்று கண் சொல்லிவிடுகிறது. வினா எழுதியவர் விரித்த வலையே அதுதான். பார்சல், இட்லி என்னும் சொற்களை எடுத்துவிட்டுக் க, ச என்று எழுதிப் பாருங்கள். க எல்லாம் ச. இது ச அன்று. ஆகவே இது க அன்று. இட்லி இந்த அச்சில் அப்படியே பொருந்துகிறது. எடை போட்ட பார்சலோ, க எல்லாம் ச, இது ச, ஆகவே க என்று நிற்கிறது. அது செல்லாது. எடை போட்டபின் உரியவர் மனம் மாறித் திரும்ப எடுத்துச் சென்றிருக்கலாம். ஆகவே இணைவாதத்தில் பேசப்படும் பொருள் அன்று, வாதத்தின் அச்சே ஒத்திருக்கவேண்டும். வாக்கியங்கள் முன்பின்னாக மாறியிருந்தாலும் குற்றமில்லை. "மாவு புளிக்கவில்லை, ஏனென்றால்" என்று முடிவு முதலில் வந்தாலும் அது அதே வாதந்தான்.

இந்த வினாவுக்கு ஒரு தம்பி உண்டு. அவன் இன்னும் பொல்லாதவன். முதல் வாதமே பிழையுள்ளது என்று சொல்லிவிட்டு, அதே பிழையைச் செய்யும் வாதத்தைத் தேடச் சொல்வான். "மழை பெய்தால் வண்டி தாமதமாகும். வண்டி தாமதம். ஆகவே மழை பெய்திருக்கிறது." இதற்கு இணை, "காய்ச்சல் வந்தால் கமலா பள்ளிக்கு வரமாட்டாள். கமலா வரவில்லை. ஆகவே காய்ச்சல்" என்பதாகும். "கமலாவுக்குக் காய்ச்சல் இல்லை. ஆகவே பள்ளிக்கு வருவாள்" என்பதும் பிழைதான், ஆனால் அது வேறு பிழை. நல்ல பிள்ளைகளாக வளர்ந்தவர்கள் இங்கே நல்ல வாதத்தைத் தேடி ஏமாறுகிறார்கள்.

இது மேனாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று எவரும் அஞ்சவேண்டாம். மணிமேகலையின் 29ஆம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தர்க்கம் கற்பிக்கிறார். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று வாதத்தின் உறுப்புகள் அங்கே ஐந்தாகப் பேசப்படுகின்றன. மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களையைப் போல. இந்த அடுக்களைதான் திட்டாந்தம். மலையும் அடுக்களையும் எவ்விதத்தில் ஒக்கும்? புகையுள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்னும் ஒரே முறையில்தான் ஒக்கும். பொருந்தாத எடுத்துக்காட்டுக்குத் திட்டாந்தப் போலி என்று பெயரிட்டு அதையும் வகைப்படுத்தியிருக்கிறார்கள். நெருப்பு இருப்பதால் புகை இருக்கும் என்று திருப்பினால், கொல்லன் உலையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பு அதைப் பொய்யாக்கிவிடும். எடை போட்ட பார்சலின் கதையும் இதுவே.

இனி, நாம் இப்பொருளை எடுத்துக்கொண்ட காரணத்தைச் சொல்கிறோம். நம் காலனியில் ஒரு பெண் கிளாட் எழுத விரும்புகிறாள். அவள் தந்தையார் இந்த அவையில் இருக்கிறார்; அவரிடம் சொல்லிவிட்டே பேசுகிறோம். "மூத்தவன் கணக்கில் புலி. அவனே எஞ்சினியரிங் நுழைவுத் தேர்வில் தேறவில்லை. இவள் சட்டத் தேர்வில் எங்கே தேறப்போகிறாள்? விண்ணப்பப் பணம் வீண்" என்றார் அவர். அவர் அன்பில் நமக்கு ஐயமில்லை. இரண்டாம் முறை ஒரு குழந்தை அழுவதைக் காண அவருக்கு மனமில்லை. ஆனால் அவருடைய தாயார், எழுபது வயதைக் கடந்த மூதாட்டி, அரிசி புடைத்துக்கொண்டே ஒரு பதில் சொன்னார்: "ஏண்டாப்பா, உன் அண்ணன் நன்றாக நீந்துவான். அவனே சைக்கிள் பந்தயத்தில் தோற்றான். அதற்காக உன்னைப் பாட்டுப் போட்டிக்குப் போகாதே என்றா சொன்னேன்?"

அம்மையார் எந்த வகுப்பிலும் பயின்றவர் அல்லர். மகனுடைய வாதத்தின் அச்சை எடுத்து அதில் வேறு பொருளை வார்த்துக் காட்டினார். ஆளும் வேறு, தேர்வும் வேறு, திறமும் வேறு. ஒருவர் தோல்வியிலிருந்து மற்றவர் தோல்விக்குப் பாலம் இல்லை. இதே அச்சில் எதிர்ப்பக்கமும் ஒரு பேச்சு நம் காலனியில் உலவுகிறது. "அடுத்த பிளாக் பையன் கோச்சிங் சேர்ந்தான், இடம் கிடைத்தது, நாமும் சேர்த்தால் கிடைக்கும்" என்று பி.எஃப். கடன் வாங்குகிறார்கள். அந்தக் கடன் மனுக்கள் எத்தனை என்பது எழுத்தர்களாகிய நமக்குத் தெரியும்.

அந்தப் பெண்ணுக்கும் அவள் தோழர்களுக்கும் தேர்வுக்கூடத்தைப் பற்றி ஒரு சொல். இந்த வினா நீளமானது; மதிப்பெண்ணோ சிறிய வினாவுக்கு உள்ளதே. ஆகவே முதற்சுற்றில் தாண்டிச் சென்று பின்னர் வாருங்கள். வந்தபின், முடிவு வாக்கியங்களை மட்டும் முதலில் ஒப்பிடுங்கள். மூல வாதம் "பெரும்பாலும்" என்று முடிந்தால், "கட்டாயம்" என்று முடியும் விடையை அப்போதே அடித்துவிடலாம். "சிலர்" என்பதற்கு "எல்லோரும்" இணையாகாது. இப்படியே இரண்டு மூன்று விடைகள் விழுந்துவிடும்; எஞ்சியவற்றுக்கு மட்டும் க, ச போட்டுப் பாருங்கள். எல்சாட்டில் தவறான விடைக்குத் தண்டனை இல்லை. எதையும் வெறுமையாக விடவேண்டாம். கிளாட்டில் கால் மதிப்பெண் கழிவதால், இரண்டு விடைகளாவது விழாத வினாவைத் தொடாமலிருப்பதே நலம் என்பது நம் கருத்து.

கிளாட் தேர்வு சில ஆண்டுகளாக டிசம்பரில் நடைபெற்று வருகிறது. அந்தத் தந்தையார் நேற்று மாலை நம்மிடம் வந்து, விண்ணப்பத்திற்குப் புகைப்படம் எந்த அளவில் வேண்டும் என்று கேட்டுச் சென்றார்.